எண்ணெய்ப் பட்டியும் வெறும் பட்டியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாற்பது பன்றிக்குட்டிகளை எடை போட்டோம். சராசரி இருபத்தைந்து கிலோ. நாற்பதும் நாற்பது சுருதியில் கத்தின. காது இன்னும் இரைகிறது.

ஏற்பாடு எளிமையானதுதான். வலது பட்டியில் இருபது குட்டிகள். அவற்றுக்கு வழக்கமான தீவனம், அதாவது சோளம், சோயாப் புண்ணாக்கு, தாது உப்பு. இடது பட்டியில் இருபது. அவற்றுக்கும் அதே தீவனம், ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கு சோயா எண்ணெய் கலந்தது. எண்ணெய் தின்றால் பன்றி எவ்வளவு சீக்கிரம் வளரும் என்று மூன்று மாதம் பார்க்க வேண்டும். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை எடை. பதினான்கு வருடம் பிறருடைய ஆய்வுகளுக்குத் தீவனம் கலந்து கொடுத்த எனக்கு, முதல் முறையாக என் பேரில் ஒரு ஆய்வு.

பட்டியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வந்த வேகத்தில் பேர் வைத்துவிட்டார்: எண்ணெய்ப் பட்டி, வெறும் பட்டி. “வெறும் பட்டிப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணிச்சு தங்கச்சி?” என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அண்ணே என்றேன். முகம் தெளியவில்லை.

வீட்டில் இதற்கு நேர்மாறு. நேற்று டாக்டர் என் கணவரின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, தாளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கொழுப்பு ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. பேருந்து ஓட்டுபவர், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பலகாரக் கடை. “எண்ணெயைக் கண்ணுலயே காட்டாதீங்க” என்று டாக்டர் சொன்னார். ஆக, பகலில் எண்ணெயை ஊற்றுவது என் உத்தியோகம், மாலையில் எண்ணெயைப் பிடுங்குவது என் குடும்பம்.

மார்ச் 5, புதன்

வேகவைத்த முட்டைக்கோஸ். அவர் அதைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

மார்ச் 7, வெள்ளி

நல்ல குளிர். பீப்பாயில் எண்ணெய் கெட்டியாகி, கைப்பம்பு இழுக்கவே மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் அடித்து ஒரு வாளி. யோசித்துப் பார்த்தேன். கிடங்கின் மறுகோடியில், கொதிகலன் அறைச் சுவரை ஒட்டி வெந்நீர்க் குழாய் போகிறது. பீப்பாயை அங்கே உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டேன். தனியாக! முழுப் பீப்பாய்! அண்ணன் விடுப்பில் போன நாள் பார்த்தா இதைச் செய்ய வேண்டும்? பார்த்துப் பாராட்ட ஒரு ஈ காக்கை இல்லை.

மதியத்துக்குமேல் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

வெறும் பட்டி 29.6. எண்ணெய்ப் பட்டி 30.1. அரைக் கிலோ முன்னால்! ஒரே வாரம்தான், துள்ளக் கூடாது. உள்ளுக்குள் மட்டும் துள்ளிக்கொண்டேன்.

காலையில் வீட்டில் அவரையும் எடைப்பொறியில் ஏற்றினேன். 88. “நான் என்ன உன் பன்னியா, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஏத்தி இறக்க?” என்றார். பன்றிகள் இவ்வளவு வாதம் செய்வதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மகள் சமையலறை எண்ணெய்ப் புட்டியில் பேனாவால் கோடு போட்டிருக்கிறாள். கோட்டுக்குப் பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. பள்ளியில் கடைசி வருடம்; படிக்கச் சொன்னால் வராத கவனம் இதில் வருகிறது. “அப்பாவை நம்பலாம்மா. ஆனா சரிபார்க்கணும்” என்கிறாள்.

சாயங்காலம் எண்ணெய் கோட்டுக்கு மேலே ஒரு விரல் கூடியிருந்தது. குறையவில்லை, கூடியிருந்தது. மனிதர் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, தெரியாமலிருக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தண்ணீர் அடியில் போய்த் தனியாக நின்றுகொண்டு காட்டிக்கொடுத்தது. கேட்டதற்கு, “புட்டி வேர்த்திருக்கும்” என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

வெறும் பட்டி 34.4, எண்ணெய்ப் பட்டி 34.8. முன்னிலை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. பரவாயில்லை.

எண்ணெய்ப் பட்டியில் பதினேழாம் எண் ஒன்று இருக்கிறது. தொட்டியில் மூக்கை வைக்கிறது, எடுக்கிறது, என்னைப் பார்க்கிறது. நான் சமைத்ததை என் மாமியார் பார்ப்பதைப் போல.

மார்ச் 25, செவ்வாய்

எழுதும்போதே கை பறக்கிறது. வெறும் பட்டி 39.3. எண்ணெய்ப் பட்டி 40.8! ஒன்றரைக் கிலோ முன்னால்! கணினி அறைத் தங்கச்சி எண்களைத் தட்டி முடித்துச் சராசரியைச் சொன்னதும், தாளைப் பிடுங்கிக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்கு ஓடினேன். அவர் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. இன்று மேல் உதடு ஒரு பக்கம் போனது. அங்கேயே தொலைபேசியை எடுத்துத் தீவன நிறுவனத்துக்காரரிடம் பேசினார். இந்த நிறுவனம்தான் எண்ணெய் கலந்த தீவனத்தைச் சந்தைக்குக் கொண்டுவரத் துடிக்கிறது. எப்போது வந்தாலும் டை கட்டி வருவதால் நாங்கள் அவரை டைக்காரர் என்போம். அடுத்த மாதம் புகைப்படக்காரரோடு வருகிறாராம். பன்றிகளோடு என்னையும் எடுப்பார்களாம்.

மார்ச் 26, புதன்

ஐயோ.

எண்ணெய்ப் பட்டியில் இருபது பன்றிகள். தாளில் இருபத்தோரு எடை.

இருபத்தோராவது எடை 88. நேற்றுக் காலை வீட்டில் அவரை எடை போட்டுவிட்டுக் கைக்குக் கிடைத்த தாளில் குறித்தேன் — அது எண்ணெய்ப் பட்டித் தாள். கடைசி வரிக்குக் கீழே ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். கணினித் தங்கச்சி ஒரு வார்த்தை கேட்காமல் அதையும் சேர்த்துத் தட்டிவிட்டாள். “என்னக்கா இது, ஒண்ணு மட்டும் எண்பத்தெட்டா இருக்கேன்னு நினைச்சேன். எண்ணெய் நல்லா வேலை செய்யுதுபோலன்னு விட்டுட்டேன்” என்கிறாள்.

அவரை நீக்கினால் எண்ணெய்ப் பட்டி 38.4. முன்னால் இல்லை. பின்னால். கிட்டத்தட்ட ஒரு கிலோ பின்னால்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். தாளை வாங்கி வரி வரியாக எண்ணினார்.

“அந்த இருபத்தோராவது பன்றி எது?”

“என் வீட்டுக்காரர், சார்.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். “அவரு எந்தப் பட்டி?” என்று கேட்டார். கேலியா, உண்மையாகவே கேட்டாரா — இப்போது வரை தெரியவில்லை.

டைக்காரரிடம் மறுபடி பேச அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சரியாகவில்லை. 44.4, 41.5. எண்ணெய்ப் பட்டி மூன்று கிலோ பின்னால். தொட்டியில் தீவனம் மிஞ்சிக் கிடக்கிறது. பன்றி சாப்பாட்டை மிச்சம் வைக்கிறது! ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் கொட்டிலுக்குள் நுழைந்தால் பாட்டுச் சத்தம். அண்ணன் தன் வானொலிப் பெட்டியை எண்ணெய்ப் பட்டிக் கம்பியில் மாட்டியிருக்கிறார். “மனசு சரியில்லாமதான் சாப்பிட மாட்டேங்குதுங்க” என்றார். அண்ணே, இப்போது எண்ணெயைச் சோதிக்கிறேனா, பாட்டைச் சோதிக்கிறேனா என்று கத்தினேன். பெட்டியைக் கழற்றி நடுவழியில், இரண்டு பட்டிக்கும் சரியாகக் கேட்கிற மாதிரி வைத்தார். “இப்ப பாரபட்சம் இல்லல்ல?”

கத்தியிருக்கக் கூடாது. அவர் மட்டும்தான் இந்தப் பன்றிகளுக்காகக் கவலைப்படுகிறார். நான் எண்களுக்காகக் கவலைப்படுகிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

49.7. 44.6. ஐந்து கிலோ. எழுதவே வெட்கமாக இருக்கிறது. கால்நடை மருத்துவர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, புழு இல்லை, ஒன்றும் இல்லை. எண்ணெய் தின்றால் வளர்ச்சி குறையும் என்று உலகத்திலேயே முதல் முறையாக நான் கண்டுபிடித்திருக்கிறேனா?

வீட்டுக்காரர் எடை 87.5. ஒரு மாதப் பட்டினிக்கு அரைக் கிலோ. வளர வேண்டியது வளரவில்லை, இளைக்க வேண்டியவர் இளைக்கவில்லை. கை வைத்த இடமெல்லாம் தலைகீழ்.

ஏப்ரல் 9, புதன்

இன்று வீட்டில் பெரிய சண்டை. வேலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து, தோளருகே குனிந்து, மூக்கை உறிஞ்சினார். கொஞ்சல் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

“எங்க சாப்பிட்ட?”

“எதை?”

“எதையோ பொரிச்சதை. அதுவும் பழைய எண்ணெயில. மூணு வாரமா பார்க்கறேன், தினம் உன் சட்டையில அதே வாடை. எனக்கு அவிச்ச கோஸைப் போட்டுட்டு நீ வழியில நின்னு பொரிச்சது தின்னுட்டு வர்ற!”

நானா? நானா தின்றுவிட்டு வருகிறேன்? காலையிலிருந்து நாற்பது பன்றிக்கு நடுவில் நின்று கால் வீங்கிப்போய் வருகிறேன், இந்த மனுஷன் என்னை மோப்பம் பிடிக்கிறார்! புட்டியில் தண்ணீர் ஊற்றினது யார்? நான் கேட்டேன். நல்லா கேட்டேன். மகள் படிப்பை விட்டுவிட்டு நடுவர் மாதிரி வந்து நின்றாள். “ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பொய் சொல்றீங்கன்னா, சட்டையைக் குடுங்க, நான் பார்க்கறேன்” என்றாள். வாங்கி முகர்ந்தாள். முகம் கோணியது.

“அம்மா. அப்பா சொல்றது சரி. கெட்டுப்போன எண்ணெய்.”

கோபத்தில் பேசாமல் போய்ப் படுத்துவிட்டேன். இப்போது எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் எதையும் தின்னவில்லை. அது எனக்குத் தெரியும். அப்படியானால் என் சட்டையில் எங்கிருந்து—

பீப்பாய்.

ஏப்ரல் 10, வியாழன்

பீப்பாய்க்குள் தலையை விட்டு முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அண்ணனை முகரச் சொன்னேன். “எண்ணெய் வாடைதான் அடிக்குது” என்றார். எங்கள் இருவர் மூக்கும் பன்றிக் கொட்டிலில் பத்து வருடத்துக்குமேல் ஊறியவை. சாட்சிக்கு ஆகாது.

அதனால் ஆய்வு முறைப்படி செய்தேன். பீப்பாய் எண்ணெய் கொஞ்சம், கடையில் புதிதாக வாங்கிய சோயா எண்ணெய் கொஞ்சம். ஒரே மாதிரி சின்னப் புட்டிகள் ஆறு. மூன்றில் பழையது, மூன்றில் புதியது, அடியில் எண். சாப்பாட்டு மேசையில் அவரை உட்கார வைத்துக் கண்ணைத் துண்டால் கட்டினோம். மகள் புட்டியை நீட்ட, நான் எழுத.

ஆறுக்கு ஆறு சரியாகச் சொன்னார். ஐந்து வாரம் எண்ணெய் காணாத மூக்கு, கத்தி மாதிரி இருக்கிறது. பழைய எண்ணெய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “பழைய பெயிண்ட் டப்பாவுல போன வருஷம் யாரோ உருளைக்கிழங்கு பொரிச்ச மாதிரி” என்றார். புதிய எண்ணெய்ப் புட்டியைத் திருப்பிக் கேட்டபோது கொடுக்கவில்லை. இன்னும் ஒரு முறை சரிபார்க்க வேண்டுமாம். அடுத்தடுத்து நான்கு முறை சரிபார்த்தார்.

நேற்றைய சண்டையை யாரும் எடுக்கவில்லை. கோஸில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். மகள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

பீப்பாயை நிறுத்திவிட்டேன்; எண்ணெய்ப் பட்டிக்கும் இப்போதைக்கு வெறும் தீவனம்தான். மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். எண்ணெய்மேல் சந்தேகம் இருக்கிறது என்று மட்டும் இயக்குநரிடம் சொன்னேன்.

மட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. தீவனத்துக்கு ஏற்ற வரம்பைவிட நான்கு மடங்கு கெட்டிருக்கிறது. பன்றிகள் மூக்கால் சொன்னதை ஆய்வுக்கூடம் எண்ணால் சொல்கிறது. பதினேழாம் எண் கிட்டத்தட்ட நான்கு வாரத்துக்கு முன்பே அறிக்கை கொடுத்துவிட்டது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஏன் கெட்டது என்று எனக்குத் தெரியும். வெந்நீர்க் குழாய். இரவும் பகலும் சூடு, பம்புக்காகத் திறந்தே கிடந்த வாய், துருப்பிடித்த இரும்புப் பம்பு. எண்ணெயைக் கெடுக்க வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். “ஆலைக்காரன் நம்ம தலையில பழைய எண்ணெயைக் கட்டிட்டான்!”

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பீப்பாயைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கிடங்கு வரைக்கும் போனேன். போகும்போதே நடை திருட்டு நடையாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். ஆனால் சொல்லவும் இல்லை.

எதற்குப் பயப்படுகிறேன்? வேலை போகாது. ஆனால் பதினான்கு வருடம் கழித்துக் கிடைத்த முதல் ஆய்வு. அதை நானே வெந்நீர்க் குழாயில் சாய்த்துவைத்துச் சுட்டுவிட்டேன் என்று எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்தோராவது பன்றிக்கே உணவறையில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இயக்குநர் ஆலைக்குக் கடுமையான கடிதம் அனுப்பிவிட்டார். இனிமேல் எண்ணெய் வாங்குவதில்லை என்று.

ஏப்ரல் 18, வெள்ளி

எண்ணெய் ஆலைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. எங்களுக்கு அனுப்பிய அதே ஈட்டில், ஒரே தடவை ஆட்டியதில், எடுத்துவைத்த மாதிரி எண்ணெயாம். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு புட்டி எடுத்து மூடி வைப்பது அவர் வழக்கம்.

“நீங்களே பாருங்கய்யா. பச்சைக் குழந்தை மாதிரி இருக்கு. உங்ககிட்ட வந்து எப்படிக் கெட்டுச்சுன்னு எனக்குப் புரியலை. ஆனா உங்க தாள்ல கெட்டதுன்னு இருக்கே. நான் என்னத்தச் சொல்ல? மூணு நாளா ஆலைக்குள்ள போயி எங்க தப்புப் பண்ணோம்னு தேடிட்டிருக்கேன். வேலையாட்களை எல்லாம் திட்டிட்டேன்.”

திட்டிட்டேன் என்றபோது மடித்த கடிதத்தைச் சட்டைப்பைக்குள் இன்னும் அழுத்தினார். இயக்குநர் அறையில் ஆலைக்காரரோடு இயக்குநர், அண்ணன், கணினித் தங்கச்சி, நான். என் நாக்கு அதுவாகவே அசைந்தது.

“பீப்பாயை வெந்நீர்க் குழாய் பக்கம் நகர்த்தினது நான்தாங்க. எண்ணெய் நல்ல எண்ணெய். கெடுத்தது நான்.”

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். “முழுப் பீப்பாயையா? தனியாவா தங்கச்சி?” அவர் கண்ணில் தெரிந்தது சத்தியமாகப் பாராட்டு. இந்தப் பாராட்டை நான் வேறு நேரத்தில் வாங்கியிருக்கலாம்.

இயக்குநர் கேட்டார். “எத்தனை நாளா தெரியும்?”

“அஞ்சு நாளா சார்.”

“அஞ்சு நாள்” என்று ஒரு முறை சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஆலைக்காரருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவருக்கு வந்தது பேரானந்தம். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தாயே, நீ நல்லா இருப்ப. எங்க எண்ணெய்மேல தப்பில்லைன்னு சொன்னியே!” பிறகு பீப்பாயைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்ததும் கதை மாறியது. துருப்பிடித்த பம்பைத் தூக்கிப் பிடித்து, “இதை என் எண்ணெய்க்குள்ள விட்டீங்களா?” என்று கேட்டார். எண்ணெயைக் குளிர்ச்சியான இருட்டில் வை, வாயை மூடி வை, இரும்பைக் கிட்டே சேர்க்காதே — ஒரு மணி நேரம் வகுப்பு. இயக்குநர் உட்பட நால்வரும் கைகட்டி நின்று கேட்டோம்.

ஏப்ரல் 21, திங்கள்

எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள்; கொடுத்தேன். ஆய்வு ரத்து. புதுக் குட்டிகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொறுப்பு யாருக்கு என்று சொல்லவில்லை.

வீட்டில் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அந்தப் பெரியவரோட வேலையாட்கள் தப்பிச்சாங்கல்ல” என்றார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்றே இயக்குநர் சேதி சொல்லியும் டைக்காரர் புகைப்படக்காரரோடு வந்துவிட்டார். முன்பே ஏற்பாடு செய்ததாம், வீணாக்கக் கூடாதாம்.

எண்ணெய்ப் பட்டியை எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. வெறும் பட்டியை எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு மினுமினுவென்று நிற்கின்றன. முகம் மலர்ந்தது. “இதுங்களை எடுத்துக்கலாமே. பன்னி பன்னிதானே? படத்துல எது எண்ணெய் தின்னுச்சுன்னு யாருக்குத் தெரியப் போகுது?”

நான் இயக்குநரைப் பார்த்தேன். இந்த நேரத்தில் நான் பேசினால் எடுபடாது. ஐந்து நாள் பொய் சொன்ன வாய். அவர் வெறும் பட்டிக் கதவுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றுகொண்டார்.

“இது எண்ணெய் தின்னாத பன்றி சார். இதைப் படம் எடுத்தா, எண்ணெய் தின்னாததுன்னு கீழ எழுதணும்.”

டைக்காரர் வாதம் செய்தார். அதற்குள் பதினேழாம் எண் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி டையின் நுனியைக் கவ்விவிட்டது. ஒரு மாதமாக நல்ல எண்ணெய் ருசி காணாத பன்றி. அண்ணன்தான் நிதானமாக, “விட்டுடும்மா, விட்டுடும்மா” என்று சொல்லி எடுத்தார். டையின் பாதி கிடைத்தது. புகைப்படக்காரர் அதை மட்டும் தெளிவாக எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 23, புதன்

பழைய பன்றிகளுக்கு ஆய்வு இல்லாவிட்டாலும் சாப்பாடு உண்டே. ஆலைக்காரர் அனுப்பிய புது எண்ணெயை எண்ணெய்ப் பட்டித் தீவனத்தில் கலந்தேன். தொட்டியில் கொட்டி முடிப்பதற்குள் இருபதும் மேலே விழுந்தன. என் காலணியையும் சேர்த்துத் தின்னப் பார்த்தன. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். எண்ணெய் கலந்த தீவனத்தில் தூசி எழும்பாது.

மே 6, செவ்வாய்

புதுக் குட்டிகள் நாற்பது. பொறுப்பு எனக்கே. இயக்குநர் காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பீப்பாய் இருட்டறையில், மூடியோடு. பம்பு பிளாஸ்டிக்.

தாளில் இருபதாம் வரிக்குக் கீழே தடித்த கோடு போட்டுவிட்டேன். அதற்குக் கீழே எந்த உயிரும் வரக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

51.0, 52.6. எண்ணெய்ப் பட்டி முன்னால். தீவனமும் குறைவாகத் தின்கின்றன. எண்ணெயில் சக்தி அதிகம். கொஞ்சம் தின்றாலே போதும். நிதானமாக எழுதுகிறேன். ஓடவில்லை, யாருக்கும் தொலைபேசி இல்லை.

ஜூலை 5, சனி

டாக்டரிடம் போனோம். கொழுப்பு இறங்கியிருக்கிறது. எடை 84. டாக்டர் பாராட்டியதும் இவர், “எல்லாம் என் மன உறுதிதான்” என்றார். மகளுக்கு இருமல் வந்தது.

ஜூலை 29, செவ்வாய்

எண்ணெய்ப் பட்டி சராசரி நூறு கிலோவைத் தொட்டது.

ஆகஸ்ட் 2, சனி

வெறும் பட்டியும் நூறு. இடைவெளி நான்கு நாள். மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். நல்ல எண்ணெய் ஐந்து பங்கு சேர்த்தால் நான்கு நாள் முன்னால். என் முதல் விடை. சின்ன விடை, ஆனால் நிற்கும் விடை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இயக்குநருக்கு விடை பிடிக்கவில்லை. “நாலா? பத்து வந்திருக்கணுமே” என்றார். அவரே பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஆய்வு செய்து கட்டுரை எழுதியிருக்கிறாராம். அதில் பத்து நாள் முன்னால் வந்ததாம். அதைப் படித்துத்தான் டைக்காரரின் நிறுவனமே இங்கே வந்ததாம். என் எண்களை மூன்று முறை சரிபார்க்கச் சொன்னார். பார்த்தேன். நான்குதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான்குதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் நான் போனபோது இயக்குநர் எனக்கு முன்பே என் அறையில் உட்கார்ந்திருந்தார். என் நாற்காலியில் அல்ல, எதிரே இருக்கும் முக்காலியில். கதவைச் சாத்தச் சொன்னார். அறிக்கையைத் திருத்தச் சொல்லப்போகிறார் என்று மனதைக் கட்டிக்கொண்டேன்.

“எடை மேடையில ஒரு பலகை போட்டிருந்தேன்” என்றார்.

எந்த மேடை, எந்தப் பலகை? ஒன்றும் புரியவில்லை.

“பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால. மழைக்காலம். பன்றிங்க மேடையில வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. எண்ணெய் தின்ன பன்றிங்களைக் கடைசி எடை போடுற அன்னிக்கு மேடைமேல ஒரு பலகையைப் போட்டேன். மத்த பன்றிங்களை முந்தின நாளே போட்டாச்சு, அன்னிக்குப் பலகை இல்லை. பலகையோட எடையைக் கழிக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. கட்டுரை அச்சாகி ரெண்டு மாசம் கழிச்சுக் கொட்டிலுக்குப் போறேன், அந்தப் பலகை சுவத்துல சாஞ்சு நிக்குது. தூக்கிப் பார்த்தேன்.”

“எத்தனை கிலோ சார்?”

“அஞ்சரை.”

மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் பன்றி ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் கிராமுக்குமேல் ஏறும். ஐந்தரைக் கிலோ என்றால் ஆறு நாள். பத்தில் ஆறு போனால் நான்கு. அவரும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார். அவர் முகத்தில் விடை இருந்தது.

“யார்கிட்டயும் சொன்னதில்லைம்மா. வீட்டுலகூட. நீ அன்னிக்கு அஞ்சு நாள்னு சொன்ன. எனக்குத் திரும்பி உன் முகத்தைப் பார்க்க முடியலை.”

சிரிப்பு வரக் கூடாத நேரம். ஆனால் எவ்வளவோ பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை, எத்தனையோ பண்ணைகளில் அதை நம்பி எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள், அந்த முன்னிலையில் பாதிக்குமேல் ஒரு பலகை! உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவரே முதலில் சிரித்தார். சத்தமாக அல்ல, தோள் மட்டும் குலுங்கியது. நெடுநேரம் குலுங்கியது. கடைசியில் அது சிரிப்புதானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

குடித்துவிட்டு ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். கட்டுரை வெளியிட்ட இதழுக்குத் திருத்தம் எழுத வேண்டுமாம். கொடுத்தேன். பேனாவைத் திறந்து பத்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படித் தொடங்கறது? வருத்தம்னு போடணுமா, மன்னிப்புன்னு போடணுமா?”

“முதல்ல பலகைன்னு போடுங்க சார். மத்தது தானா வரும்.”

என் மேசையில், என் எதிரிலேயே எழுதத் தொடங்கினார். நான் கொட்டிலுக்குப் போய் அண்ணனிடம், இன்றைக்கு என் அறைக்குள் யாரையும் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.